இதுல எதும்மா உங்க காலேஜ்?

கல்விக்கடன் கேட்டுப் போயிருந்த வங்கியில், மேலாளர் என் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மேல யூனிவர்சிட்டி பேரு இருக்கு. கீழ காலேஜ் பேருன்னு ஒண்ணு இருக்கு. இதுல எதும்மா உங்க காலேஜ்?”

“ரெண்டும்தான் சார்.”

“பாடம் யாரு நடத்துவாங்க?”

“பாடம் கிடையாது சார். பிஎச்.டி. ஆராய்ச்சி மட்டும்தான். கைடு யூனிவர்சிட்டில இருக்காங்க.”

“அப்ப காலேஜ் எதுக்கு?”

என்னிடம் பதில் இல்லை. கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கும்போது நான்தான் இரண்டு கல்லூரிகளின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். எதை வைத்து? இணையத்தில் பார்த்த படங்களை வைத்து. ஒன்றின் வாசல் கோபுரம் அழகாக இருந்தது. இன்னொன்று ஆற்றங்கரையில் இருந்தது. நம் ஊரில் கல்லூரி என்றால் படிக்கிற இடம். அந்தச் சொல்லை அப்படியே கேம்பிரிட்ஜுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் நான் செய்த முதல் தப்பு.

அந்த முறை நான் போகவும் இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருடாவருடம் யாராவது ஒருவர் இதே குழியில் விழுகிறார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒன்று, உதவித்தொகைக்கும் சேர்த்துப் பரிசீலிக்கக் கடைசி நாள் வேறொன்று. இரண்டாவது முன்னதாகவே முடிந்துவிடும். பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம் அல்லது ஜனவரி தொடக்கம். நான் படிப்பின் கடைசி நாளை மட்டும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன். பிப்ரவரியில் விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தை மூன்று வருடத்துக்குக் கடன் வாங்கி வரலாற்றில் ஆய்வு செய்வது என்பது, விருதுநகரில் எங்கள் வீடு இருந்த நிலைமைக்குப் பேசவே முடியாத பேச்சு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பித்தேன். அதற்குள் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணின் இரண்டு வருட ஆயுளும் முடிந்துவிட்டது. அதையும் மறுபடி எழுதினேன்.

வீணான அந்த வருடத்தில் ஒரே ஒரு நல்லது நடந்தது. என் ஆய்வுத் திட்டம் உருப்பட்டது.

முதல் முறை நான் எழுதியிருந்த தலைப்பு, 1800 முதல் 1950 வரை தமிழ் அச்சுப் பண்பாடு. நூற்றைம்பது வருடம்! வரவிருந்த கைடு ஒரு வரியில் கேட்டார்: மூன்று வருடத்தில் எந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எதைப் படிப்பீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்தான் குஜிலி நூல்களுக்கு வந்து சேர்ந்தேன். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, வெள்ளப் பாட்டு இப்படி. 1867-ஆம் ஆண்டின் அச்சக, நூல் பதிவுச் சட்டப்படி அச்சடித்த நூல்களைப் பதிவு செய்து, பிரதிகளை அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்தவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இன்னொரு பெரும் தொகுப்பு சென்னை தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில். நான் எம்.ஏ. படித்தபோது தங்கியிருந்த அறையிலிருந்து ஒரே பஸ். அதைப் படிக்கிற விதத்தைக் கற்றுக்கொள்ள ஐயாயிரம் மைல் போக வேண்டுமா என்று என் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆய்வுத் திட்டத்தில் எங்கே, எது, எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும். முதல் திட்டத்தில் கோட்பாடு நான்கு பக்கம், ஆவணம் நான்கு வரி. இரண்டாவதில் அதைத் திருப்பிப் போட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, இடம் எப்படிக் கிடைக்கிறது? விண்ணப்பம் முதலில் போவது துறைக்கு. துறை படித்துத் தேர்ந்தெடுத்து, பட்டக் குழுவுக்கு அனுப்பும். பிறகு முதுநிலைச் சேர்க்கை அலுவலகம் நிபந்தனைகளோடு கடிதம் அனுப்பும்: மதிப்பெண் சான்று, ஆங்கிலத் தேர்வு, படிப்புக் காலம் முழுவதற்கும் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். இவ்வளவும் நகர்ந்த பிறகுதான் கல்லூரிகளின் முறை. நாம் கொடுத்த முதல் விருப்பம், பிறகு இரண்டாவது விருப்பம். இரண்டும் நிரம்பிவிட்டால் வேறு கல்லூரிகளைக் கேட்பார்கள். எனவே விரும்பிய கல்லூரி கைவிட்டால் பல்கலைக்கழக இடமும் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உள்ளே விடுவது துறைதான். கல்லூரியின் பெயரைப் பார்த்து அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

என்னை இரண்டு விருப்பங்களும் எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டது. விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரைக் கவனித்த நினைவே எனக்கு இல்லை. ஐந்நூறு வயதுக்கு மேல் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை உதவித்தொகையும் வந்தது. கட்டணம் முழுவதும், வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதி. அதற்கென்று தனியாக எங்கும் விண்ணப்பிக்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்திலேயே நிதி கேட்கும் பகுதி இருக்கிறது, அதை நிரப்பினால் கேம்பிரிட்ஜ் டிரஸ்ட் போன்றவை அதிலிருந்தே பார்க்கும். 2000-த்தில் தொடங்கிய கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைக்கும் அதே விண்ணப்பம்தான், கூடுதலாக ஒரு கட்டுரையும் ஒரு பரிந்துரைக் கடிதமும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டத்தையும் தகுதி இருந்தால் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மத்திய உதவித்தொகையின் 2022 விதிமுறைகளில் இந்தியப் பண்பாடு, இந்திய வரலாறு சார்ந்த தலைப்புகள் விலக்கப்பட்டன. என்னைப் போன்ற தலைப்பு உள்ளவர்கள் அந்தந்த வருடத்து விதியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு இறங்குங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய மீதிப் பணம் அப்பாவின் கணக்கில் இருந்தது. பெற்றோர் கணக்கைக் காட்டலாம். பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் இணைக்க வேண்டும். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பத்தொன்பதாம் நாள் தங்கையின் செமஸ்டர் கட்டணத்துக்காக அப்பா கொஞ்சம் எடுத்துவிட்டு, மறுநாளே திருப்பிப் போட்டுவிட்டார். “ஒரு நாள்தானம்மா” என்றார். ஒரு நாளாக இருந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. தப்பு அவருடையது இல்லை. ஏன் தொடக்கூடாது என்று அவருக்கு நான் விளக்கிச் சொல்லவே இல்லை. காசநோய்ப் பரிசோதனைச் சான்று, சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் சி.ஏ.எஸ். எண் எல்லாம் தயாராக இருந்தும் ஒரு மாதம் பின்தங்கினேன். மருத்துவ வசதிக்கான குடியேற்றக் கட்டணம் ஒன்றும் உண்டு. இப்போது மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும், தவணை கிடையாது. பலர் விமானச் சீட்டுக்கு எடுத்துவைத்த பணத்தை இங்கேதான் விடுகிறார்கள்.

2022 அக்டோபர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தேன். கல்வியாண்டு மூன்று பருவம்: மைக்கேல்மஸ், லென்ட், ஈஸ்டர். ஒவ்வொன்றிலும் பாடம் நடப்பது அதிகபட்சம் எட்டு வாரம்தான். அங்கே வாரம் வியாழக்கிழமை தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு வாரம் போய்விட்டது.

வந்த சில நாளில் மெட்ரிகுலேஷன். அம்மாவிடம் போனில் சொன்னேன். “அதான் பத்தாவதுலயே முடிஞ்சுதே, மறுபடியும் எதுக்கு?” என்றாள். நான் படித்தது மெட்ரிகுலேஷன் பள்ளி. இங்கே அந்தச் சொல்லுக்கு, பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்வது என்று பொருள். பெரிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, கறுப்பு அங்கி மாட்டி, குழுப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த அங்கியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முதுநிலை மாணவருக்கு 24 வயது ஆகாவிட்டால் பி.ஏ. அங்கி, ஆகிவிட்டால் எம்.ஏ. அங்கி. நான் இருபத்தாறு. புதிதாக வாங்காதீர்கள். பட்டம் முடித்துப் போகிறவர்கள் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டுப் போவார்கள்.

அறைச் சாவி வாங்கிக்கொண்டு, படத்தில் பார்த்த கல் முற்றத்தை நோக்கி நடக்கத் தொடங்கினேன். வாசற்காவலர் கூப்பிட்டு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். என் அறை கல்லூரிக்குள்ளேயே இல்லை. இருபது நிமிட நடை தூரத்தில், செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கிற தெருவில், ஏழு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு. பழைய கல்லூரிகள் பலவற்றில் முற்றத்து அறைகள் இளநிலை மாணவர்களுக்கும், ஃபெல்லோக்கள் எனப்படும் கல்லூரியின் மூத்த ஆசிரிய உறுப்பினர்களுக்கும் போய்விடும். முதுநிலை மாணவர்களுக்குத் தெருவில் வீடுகள். அன்று இரவு நான் அழுதேன் என்பது உண்மை. ஆறு வாரத்தில் அந்த வீட்டைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது என்று தோன்றியதும் உண்மை. நான்கு அடுப்பு உள்ள சமையலறை, அதில் ஒரு கானா நாட்டுப் பெண், ஒரு போலந்துக்காரர், இரவு பதினொரு மணிக்குச் சோறு வடிக்கிற நான்.

அடுத்த வருடம் ஆசையை அடக்க முடியாமல், குலுக்கலில் பழைய முற்றத்தில் அறை வாங்கினேன். சுற்றுப் படிக்கட்டு, அடியில் பலகையில் வெள்ளை எழுத்தில் என் பெயர், ஜன்னலுக்கு வெளியே ஃபெல்லோக்கள் மட்டும் மிதிக்கலாம் என்ற புல்வெளி. ஊருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம்தான் மற்றவை தெரிந்தன. கழிப்பறை ஒரு மாடி கீழே. இரவில் ரேடியேட்டர் அணைந்துவிடும். சமையலுக்கு “ஜிப்” என்கிற ஒரு பொந்து: ஒரு மைக்ரோவேவ், சின்ன மின் அடுப்பு, தலைக்கு மேல் புகை உணரும் கருவி. முதல் வெள்ளிக்கிழமை இரவு ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து, காய்ந்த மிளகாயைப் போட்ட அரை நிமிடத்தில் படிக்கட்டு முழுக்கச் சங்கு ஊதியது. பதினெட்டுப் பேர் குளிரில் முற்றத்துக்கு இறங்கி வந்தார்கள். அதில் துண்டோடு ஒரு கணிதப் பேராசிரியர். வாசற்காவலர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே, “என்ன சமைத்தாலும் வாசனை பிரமாதம், மிஸ்” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எனவே கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்திருக்க வேண்டியது கோபுரம் இல்லை. முதுநிலை மாணவருக்கு எத்தனை வருடம் அறை உறுதி? ஒப்பந்தம் வருடம் முழுக்கவா, பருவத்துக்கு மட்டுமா? சமையலறை உண்டா, எத்தனை பேருக்கு? சாப்பாட்டுக்கூடத்துக்கென்று சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நிலையாக ஒரு கட்டணம் பில்லில் ஏறுமா? கிறிஸ்துமஸ் நாட்களில் கூடம் மூடியிருக்குமா? பல இடங்களில் மூடிவிடுவார்கள். ஊரே காலியாகிவிடும், கடைகளும் சாத்தியிருக்கும். ஊருக்குப் போகாத நமக்கு அடுப்புதான் கதி. கல்யாணமானவர்கள் துணைவருக்கும் சேர்த்து வீடு உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மில் ரோட்டில் ஆசியக் கடைகள் உண்டு, துவரம்பருப்பு கிடைக்கும். அதற்குப் பக்கமாக அறை அமைந்தால் அதிர்ஷ்டம்.

கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள். 1284-இல் தொடங்கிய பீட்டர்ஹவுஸ்தான் மூத்தது. 1964-இல் வந்த டார்வின், முதுநிலை மாணவர்களுக்கென்றே ஏற்பட்ட முதல் கல்லூரி. அங்கே படிக்கும் தோழியின் அறையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் பழைய கல்லூரிக்குக் கல்லைத் தவிர இன்னொன்றும் உண்டு: நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சொத்து. எல்லாப் பழைய கல்லூரியும் பணக்காரக் கல்லூரி இல்லை, ஆனால் எங்கள் கல்லூரி பயணத்துக்கு, புத்தகத்துக்கு, மாநாட்டுக்கு என்று தனித்தனியாக நிதி வைத்திருந்தது. நான் தரமணியில் நான்கு மாதம் ஆவணம் பார்த்த செலவில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. முதுநிலை மாணவர் பொதுவாகப் பெரிய புனித மேரி தேவாலயத்திலிருந்து 10 மைலுக்குள் வசிக்க வேண்டும் என்று விதி. வெளியூரில் ஆய்வு செய்ய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நிதி இருக்கிறது என்று யாரும் வந்து கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள். டியூட்டரிடம் கேட்க வேண்டும்.

டியூட்டர் என்றால் பாடம் சொல்பவர் என்று நினைத்து நான் முதல் பருவம் முழுக்க அவரைப் பார்க்கப் போகவே இல்லை. அவருக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. பணம், உடல்நிலை, மனநிலை, வீட்டுப் பிரச்சினை, கைடோடு பிணக்கு, இதற்கெல்லாம் கல்லூரி வைத்திருக்கிற ஆள். கைடு ஒரு பக்கம், டியூட்டர் இன்னொரு பக்கம், இருவரும் வேறு வேறு அலுவலகம். நம் ஊர் ஆய்வு மாணவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை சட்டென்று புரியும். கைடு கோபித்துக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் நிலை அங்கே இல்லை. இரண்டாம் வருடம் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றபோது என் விமானச் செலவுக்கு வழி செய்தது டியூட்டர்தான். வங்கி மேலாளரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அன்றைக்கு.

கைடைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குக் கடைசி வரை வாயில் வராத விஷயம். “டியர் மேடம்” என்று எழுதினால் முதல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுப் பதில் வரும். ஒரு வருடம் பெயரும் இல்லாமல் மேடமும் இல்லாமல், “வணக்கம்” என்பதற்கு ஈடான ஒரு சொல்லோடு மெயில் அனுப்பி ஒப்பேற்றினேன். அதைவிடக் கஷ்டம், எதிர்த்துப் பேசுவது. என் அத்தியாயத்தை அவர் மறுத்தால் நான் தலையாட்டிவிட்டு வந்து முழுவதையும் மாற்றி எழுதுவேன். மூன்றாவது தடவை அவரே கேட்டார், “நான் சொன்னது தப்பு என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?” தோன்றியது. சொல்லத்தான் வரவில்லை. முதல் வருட முடிவில் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால்தான் முறையான பிஎச்.டி. மாணவர். அங்கே தலையாட்டினால் வேலைக்காகாது. நான் பழகியது எப்படி என்றால், அறையில் தமிழில் சத்தமாகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுப் போவேன்.

விருந்துக் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். அங்கி போட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து நிற்க, ஃபெல்லோக்கள் மேடை மேசைக்கு வர, லத்தீனில் பிரார்த்தனை. முதல் தடவை மெய்சிலிர்க்கும். ஐந்தாவது தடவை உப்பு குறைவு என்று தோன்றும். சுவர் முழுக்க ஆண்களின் ஓவியங்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததே 1948-இல்தான். ஆண்களுக்கு மட்டுமான கடைசிக் கல்லூரியான மாட்லின் பெண்களைச் சேர்த்தது 1988-இல். சுவரைப் பார்த்துக்கொண்டே சூப் குடிக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வரும்.

கேம்பிரிட்ஜ் என்றதும் நம்மவர்கள் ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1914 ஏப்ரலில் வந்தார், டிரினிட்டி கல்லூரி, கணித மேதை ஹார்டி, எல்லாம் தெரிந்ததுதான். எனக்கு நினைவில் நிற்பது போர்வைக் கதை. குளிரில் தூங்க முடியாமல் அவர் தவித்தாராம். அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்த, பின்னாளில் புள்ளியியல் மேதையான மகலனோபிஸ் அவர் அறைக்குப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் படுக்கைக்கு அடியில் செருகி விரித்தபடியே இருக்கின்றன, மனுஷன் அதன்மேல் மேல்கோட்டோடு படுத்திருக்கிறார். உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை! டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் அது. எனக்கும் ரேடியேட்டரின் குமிழ் எந்தப் பக்கம் திரும்பும் என்று மூன்று வாரம் தெரியாது. கேட்க வெட்கம். பக்கத்து அறைக்காரர்தான் வந்து திருப்பிவிட்டுப் போனார். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும் அவரே சொன்னார்.

இப்போது நான்காம் வருடம். 80,000 வார்த்தை வரம்புக்குள் ஆய்வேட்டை அடக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தின் 157 அடிக் கோபுரத்தின் கீழே, தேநீர் அறைக்குப் பக்கத்தில் என் இடம். மறுபடியும் தெரு வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். செப்டம்பரில் அறையைக் காலி செய்ய வேண்டும். மதுரையிலிருந்து ஒரு தம்பி இந்த அக்டோபரில் எங்கள் கல்லூரிக்கு வருகிறான், பொறியியல். “அக்கா, முற்றத்து ரூம் போட்டுக் குடுத்திருக்காங்க” என்று சந்தோஷமாகப் படம் அனுப்பியிருந்தான். பழைய முற்றம், அதே படிக்கட்டு. அவனுக்காக மூன்று லிட்டர் குக்கரையும் சின்ன வாணலியையும் வாசற்காவலரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மூடிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: “தாளிக்கும்போது ஜன்னலைத் திற, கதவைச் சாத்து.”